உங்களுக்குத் தெரியுமா? ஆபீஸ் விதிகள் ஸ்பெஷல்

● நிறுவனங்கள் அச்சடித்த நெறிமுறைப் புத்தகங்களிலேயே அதிகம் பேசப்பட்டது எது? அமெரிக்காவின் என்ரான் கம்பெனியுடையது. 2000-ம் ஆண்டு ஜூலையில் வந்த பதிப்பு 64 பக்கம். தலைவர் கென்னத் லே முன்னுரை எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். அடுத்த ஆண்டு டிசம்பர் 2-ம் தேதி கம்பெனி திவால். கம்பெனியோடு வியாபாரம் பண்ணும் இன்னொரு நிறுவனத்தில் அதிகாரிகளுக்குச் சொந்த ஆதாயம் இருக்கக் கூடாது என்று அங்கே தெளிவாகவே விதி இருந்தது. நிதித் தலைவர் அப்படி ஒரு கூட்டு நிறுவனம் தொடங்க விரும்பியபோது, 1999-ல் இயக்குநர் குழுவே கூடி அவருக்காக அந்த விதியைத் தளர்த்திக் கொடுத்தது. எல்லாம் முறைப்படி, தீர்மானம் போட்டு! அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதி இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

● ஜெனரல் மோட்டார்ஸில் என்ன உடுத்தி வர வேண்டும் என்பதற்கு மட்டும் 10 பக்கம் விதி இருந்தது. 2009-ல் மனிதவளத் துறைக்குப் பொறுப்பேற்ற மேரி பாரா அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆங்கிலத்தில் இரண்டே சொல்லில் முடித்தார்: 'தகுந்தபடி உடுத்துங்கள்'. உடனே ஒரு மூத்த அதிகாரியிடமிருந்து ஆட்சேபம் வந்தது. தன் குழுவினர் திடீர் திடீரென்று அரசு அதிகாரிகளைப் பார்க்கப் போக வேண்டியிருக்கும், ஜீன்ஸோடு எப்படிப் போவார்கள் என்று. 'உங்கள் ஆட்களோடு பேசிப் பாருங்கள்' என்றார் பாரா. அவர் பேசிவிட்டு வந்து சொன்ன தீர்வு: ஆளுக்கொரு நல்ல பேன்ட் லாக்கரில் இருக்கும். பெரிய பதவியில் இருப்பவருக்கு இதைத் தீர்மானிக்கக்கூட மேலிடத்துச் சுற்றறிக்கை தேவைப்பட்டது என்பதுதான் வேடிக்கை.

● அலுமினிய நிறுவனமான அல்கோவாவுக்கு 1987-ல் தலைவராக வந்தவர் பால் ஓநீல். முதலீட்டாளர்களோடு நடந்த முதல் கூட்டத்தில் லாபக் கணக்கை விட்டுவிட்டுத் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். தீ பிடித்தால் அந்த ஹாலிலிருந்து வெளியேற எந்தக் கதவு என்றும் காட்டினார். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு ஆலோசகர் வெளியே ஓடிப் போய் 'பங்குகளை விற்றுவிடுங்கள்' என்று தன் வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டாராம்.

ஓநீல் போட்ட விதி எளிமையானது. எந்த ஆலையில் யாருக்கு அடிபட்டாலும் அந்தப் பிரிவின் தலைவர் 24 மணி நேரத்துக்குள் அவருக்குச் சொல்ல வேண்டும், மறுபடி நடக்காமலிருக்க என்ன செய்யப் போகிறோம் என்பதையும் சேர்த்து. பிரிவுத் தலைவருக்கு 24 மணி நேரத்தில் தகவல் வர வேண்டுமானால் மேஸ்திரி அதற்கு முன்பே வாய் திறந்திருக்க வேண்டும். மேஸ்திரி திறக்க வேண்டுமானால் தொழிலாளி பயமில்லாமல் அவரிடம் போயிருக்க வேண்டும். ஒரே விதி, மேலிருந்து கீழ்வரை எல்லோரையும் பேச வைத்துவிட்டது. காயத்தால் வேலைநாள் இழப்பது 100 பேருக்கு 1.86 என்பதிலிருந்து, அவர் விலகிய காலத்தில் 0.2 ஆக இறங்கியிருந்தது. லாபமும் கூடியது, அந்த ஆலோசகரைத்தான் பாவம் என்று சொல்ல வேண்டும்.

இதை விதி என்று ஊழியர்கள் நம்பியது எப்போது? மெக்ஸிகோ ஆலையில் சில தொழிலாளர்களுக்கு வாயுவால் உடல்நலம் கெட்டதை மேலிடத்துக்குச் சொல்லாமல் விட்ட உயர் அதிகாரியை அவர் வீட்டுக்கு அனுப்பியபோது. விற்பனையை உயர்த்தியவர், நல்ல பெயர் எடுத்தவர், ஆனாலும் போனார்.

● டொயோட்டாவின் பல ஆலைகளில் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். ஏதாவது கோளாறு கண்ணில் பட்டால் எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். உடனே விளக்கு எரியும், பாட்டு ஒலிக்கும், குழுத் தலைவர் ஓடி வருவார். குறிப்பிட்ட கோட்டை வண்டி தாண்டுவதற்குள் சரி செய்ய முடியாவிட்டால் லைன் நின்றுவிடும்.

இதெல்லாம் ஜப்பான்காரர்களுக்குத்தான் சரிப்படும் என்பவர்களுக்கு ஒரு கதை. கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு ஆலை இருந்தது. அங்கே வேலைக்கு வராதவர்கள் எண்ணிக்கை 20 சதவீதம் வரை போகும். என்ன ஆனாலும் லைன் நிற்கக் கூடாது என்பதே அங்கே எழுதாத சட்டம். போல்ட் இல்லாத வண்டியும் நகர்ந்துகொண்டே போகும், பின்னால் யாராவது பார்த்துக்கொள்வார்கள். 1982-ல் மூடினார்கள். 1984-ல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து அதே கட்டடத்தைத் திறந்தார்கள். பழைய தொழிலாளர்களையே பெரும்பாலும் எடுத்தார்கள், அதே தொழிற்சங்கம். கயிறு மட்டும் புதிது. அதை இழுத்தவரைத் திட்டாமல் 'என்ன பிரச்னை, எப்படி உதவலாம்' என்று கேட்கும் மேலாளரும் புதிது. வேலைக்கு வராதவர்கள் 2 சதவீதமானார்கள். ஊழியர்களிடம் ஒழுங்கில்லை என்று புலம்பும் முதலாளிகள் இந்த ஆலையைப் பற்றி ஒரு முறை படிக்கலாம். அந்தக் கட்டடத்தில் இப்போது டெஸ்லா கார் தயாராகிறது.

● 1974 டிசம்பர் 1. வாஷிங்டன் விமான நிலையத்தை நெருங்கிய ஒரு விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். தரைக் கட்டுப்பாட்டாளர் தந்த அனுமதியைத் தவறாகப் புரிந்துகொண்டு சீக்கிரமே கீழே இறங்கியதுதான் காரணம். விசாரணையில் வெளிவந்த செய்தி இன்னும் கொடுமை: அதே மலையில் அதே குழப்பத்தால் வேறொரு நிறுவனத்தின் விமானம் ஆறு வாரம் முன்பே நூலிழையில் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. மற்றவர்களுக்குச் சொல்ல வழி இல்லை.

1976-ல் அந்த வழியை உண்டாக்கினார்கள். தான் செய்த தவறை விமானி 10 நாளுக்குள் எழுதி அனுப்பினால், அது வேண்டுமென்று செய்ததாகவோ குற்றமாகவோ இல்லாத பட்சத்தில், தண்டனை கிடையாது. கடிதங்களை வாங்கி, பெயரை நீக்கி, பாடத்தை மட்டும் எல்லோருக்கும் அனுப்பும் வேலை விமானத் துறைக்குத் தரப்படவில்லை. லைசென்ஸைப் பிடுங்கும் அதிகாரம் உள்ளவரிடம் யார் தவறைச் சொல்வார்கள்? விண்வெளி நிறுவனமான நாசாவிடம் ஒப்படைத்தார்கள். இன்றும் நாசாதான் நடத்துகிறது.

● நம் ஊர்க் கதைக்கு வருவோம். தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் நடந்த முறைகேடுகளைப் பற்றிப் பொறியாளர் சத்யேந்திர துபே பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார், தன் பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு. பெயரோடேயே அந்தக் கடிதம் மேசை மேசையாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27-ம் தேதி கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக்காக நடந்த கொலை என்றது சிபிஐ. ஆனால் நாடு முழுக்க எழுந்த கேள்வி, ரகசியமாக வந்த பெயர் ஏன் வெளியே போனது என்பதுதான். 2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட எந்த நிறுவனமும் ஊழியர் முறைகேட்டைச் சொல்வதற்கு ஓர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். அவசியமானால் தணிக்கைக் குழுத் தலைவரையே நேரடியாக அணுகலாம். உங்கள் கம்பெனி பட்டியலிடப்பட்டது என்றால் அதன் இணையதளத்திலேயே அந்த விவரம் இருக்க வேண்டும்.

● 'எட்டு' என்ற எண் ஒரு வங்கியின் மானத்தை வாங்கிய கதை தெரியுமா? அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டு விதமான கணக்கு, கார்டுகளை விற்க வேண்டும் என்பது இலக்கு. வாடிக்கையாளரைக் கேட்காமல் கணக்கு தொடங்கக் கூடாது என்று விதியும் இருந்தது. தினசரி டார்கெட் முடியாவிட்டால் மேலாளர் மென்று துப்புவார். விதியை மீறினால் உடனே யாரும் கேட்கப் போவதில்லை. ஊழியர் எதைத் தேர்ந்தெடுப்பார்? 2016-ல் விவகாரம் வெடித்தபோது அனுமதியில்லாத கணக்குகள் சுமார் 20 லட்சம் இருக்கலாம் என்றார்கள். அபராதம் 18.5 கோடி டாலர். அதற்கு முந்தைய ஆண்டுகளில் வேலையிழந்த ஊழியர்கள் சுமார் 5,300 பேர், பெரும்பாலும் கீழ்மட்டத்தினர்.

● இதையே சிவகாசிப் பக்கம் வைத்துப் பாருங்கள். பட்டாசு ஆலையில் வேலை நடக்கும் அறை ஒன்றில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது. வெயிலில் காய வைப்பதற்கென்று தனி மேடை. இவையெல்லாம் அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தும் ஒவ்வொரு வெடிவிபத்துக்குப் பிறகும் செய்தித்தாளில் அச்சு மாறாமல் அதே வரிகள் வரும்: 'அனுமதித்ததைவிடக் கூடுதல் ஆட்கள்', 'மரத்தடியில் வைத்துத் தயாரித்தனர்', 'உரிமத்தை உள்குத்தகைக்கு விட்டிருந்தனர்'.

தொழிலாளிக்கு விழிப்புணர்வு இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். கூலி உருப்படிக் கணக்கில் கிடைக்கிறது. தீபாவளி ஆர்டர் நெருங்கும்போது மருந்து செலுத்தும் கை எவ்வளவு வேகமோ அவ்வளவு காசு. கலந்த மருந்து சாயங்காலம் மிஞ்சினால் அதை முறைப்படி அழிப்பது இருவருக்குமே நஷ்டம், முதலாளிக்கு மருந்து போகிறது, தொழிலாளிக்குக் கூலி போகிறது. பாதுகாப்பாக வேலை செய்தால் வருமானம் குறையும் என்ற ஏற்பாட்டை வைத்துக்கொண்டு பாதுகாப்பு வகுப்பு எடுத்துப் பயனில்லை. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 38 பேர் இறந்தார்கள். அன்றும் அளவுக்கு மீறிய ஆட்கள், அளவுக்கு மீறிய மருந்து என்றே பேச்சு வந்தது.

● விஷவாயு கசிந்த போபால் ஆலையில் பாதுகாப்புச் சாதனங்கள் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருந்தன. நச்சு ரசாயனத்தைக் குளிர வைக்கும் இயந்திரம் செலவைக் குறைப்பதற்காக மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்கும் கோபுரத்தின் ஒரு குழாய்த் துண்டைப் பழுது பார்க்கக் கழற்றியிருந்தார்கள். வாயுவைக் கழுவும் கோபுரம் அந்த இரவுக்கு உதவவில்லை. தண்ணீர் பீய்ச்சும் குழாய் அவ்வளவு உயரத்துக்கு எட்டவில்லை. 1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு இவை ஒவ்வொன்றும் காகிதத்தில் ஆலையில்தான் இருந்தன.

● லீவே எடுக்காத ஊழியரைத் தங்கமானவர் என்போம். ரிசர்வ் வங்கி சந்தேகப்படச் சொல்கிறது! முக்கியப் பொறுப்புகளில் இருக்கும் வங்கி ஊழியர் ஆண்டுக்கு ஒரு முறை தொடர்ந்து 10 வேலை நாளாவது கட்டாய விடுப்பில் போக வேண்டும், அதுவும் முன்கூட்டியே சொல்லாமல் அனுப்ப வேண்டும் என்பது 2021 ஜூலையில் அது வெளியிட்ட உத்தரவு. அந்த நாட்களில் அலுவலக மெயில் தவிர வேறெதையும் அவர் தொடக் கூடாது. தில்லுமுல்லு செய்பவர் தினமும் சீட்டில் இருந்தால்தான் மூடி மறைக்க முடியும். இரண்டு வாரம் வேறொருவர் உட்கார்ந்தால் கணக்கு பல்லிளித்துவிடும் என்பதே காரணம்.

1995-ல் லண்டனின் பேரிங்ஸ் வங்கி இப்படித்தான் போனது. சிங்கப்பூரில் நிக் லீசன் என்ற ஒரே ஆள் வர்த்தகமும் செய்தார், அந்த வர்த்தகத்தின் கணக்கு சரிபார்க்கும் பிரிவையும் பார்த்துக்கொண்டார். நஷ்டத்தை 88888 என்ற கணக்கில் ஒளித்து வைத்தார். முந்தைய ஆண்டே உள்தணிக்கையாளர்கள் இரண்டு வேலையையும் பிரிக்கச் சொல்லியிருந்தார்கள். கொழுத்த லாபம் காட்டுபவரை யார் தொடுவது? 82.7 கோடி பவுண்டு நஷ்டம். 1762-ல் தொடங்கிய வங்கி ஒரே ஒரு பவுண்டுக்கு விலை போனது.

● பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பை கிளை ஒன்றில் 13,000 கோடி ரூபாய்க்கு மேல் மோசடியில் போனது 2018-ல் தெரிய வந்தது. பல ஆண்டுகள் இடமாற்றமே இல்லாமல் ஒரே கிளையில் இருந்த ஓர் அதிகாரி. வெளிநாட்டு வங்கிகளுக்குத் தகவல் அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பு, வங்கியின் கணக்குப் புத்தகத்தோடு இணைக்கப்படாமலே கிடந்தது. வங்கியில் ஒருவர் பதிவு செய்ததை இன்னொருவர் சரி பார்த்து அனுப்ப வேண்டும் என்பது பாலபாடம். கூட்ட நேரத்தில் 'என் பாஸ்வேர்டைப் போட்டு நீயே முடிச்சிடு' என்று சொல்லிவிட்டால் இரண்டு பேரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். எல்லா ஆபீஸிலும் நடப்பதுதான். நட்புக்கு அடையாளம் என்றுகூட நினைக்கிறோம்!

● கையெழுத்து யாருடையது என்று பின்னால் தெரியக் கூடாது. என்ன செய்யலாம்? ஜெர்மனியின் சீமென்ஸில் லஞ்சப் பணத்துக்கு அனுமதி தந்த சிலர், ஒட்டிப் பிரிக்கும் மஞ்சள் சீட்டில் கையெழுத்துப் போட்டு ஆவணத்தில் ஒட்டினார்கள், வேலை முடிந்ததும் பிய்த்துவிட்டார்கள். இரண்டு கையெழுத்து வேண்டும் என்ற விதியும் நிறைவேறிவிட்டது. 2008 டிசம்பரோடு அமெரிக்காவிலும் ஜெர்மனியிலுமாக மொத்தம் சுமார் 160 கோடி டாலர் கட்டினார்கள்.

● ஜப்பான் ரயில் ஓட்டுநர் சிக்னலை விரலால் சுட்டிக் காட்டி, வாய்விட்டுச் சொல்வார். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அந்நாட்டு ரயில்வே ஆய்வு நிறுவனத்தின் சோதனையில் இந்தப் பழக்கம் தவறுகளைச் சுமார் 85 சதவீதம் குறைத்தது. நம் ரயில்களிலும் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் சிக்னல் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்கிறார்கள்.

● உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவைச் சிகிச்சைக்கு 19 அம்சப் பட்டியல் ஒன்றைத் தந்தது. அதில் ஒன்று: தியேட்டரில் இருக்கும் எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றலாம். பெயர் சொல்லிவிட்ட நர்ஸ் 'டாக்டர், ஒரு நிமிஷம்' என்று பின்னால் சொல்வதற்குக் கூச்சப்படுவதில்லை. டெல்லி உட்பட எட்டு நகர மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது. அந்த அறுவைச் சிகிச்சைக் குழுவினரைக் கருத்துக் கேட்டார்கள். ஐந்தில் ஒருவர் 'நேரம் பிடிக்கிறது, சிரமம்' என்ற ரகம். 'உங்களுக்கே ஆபரேஷன் என்றால் இந்தப் பட்டியல் வேண்டுமா?' என்று கேட்டபோது 93 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள்.

● கை கழுவச் சொல்லும் பலகையில் என்ன எழுதலாம்? அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் நடந்த ஆய்வு 2011-ல் வெளியானது. 'கை கழுவினால் உங்களுக்கு நோய் வராது' என்று ஓரிடத்தில், 'நோயாளிகளுக்கு நோய் வராது' என்று வேறிடத்தில் எழுதி வைத்தார்கள். நோயாளியைச் சொன்ன இடத்தில்தான் சோப்பு அதிகம் செலவானது.

● தொழிற்சாலை விதிகளை எங்கே, எந்த மொழியில் ஒட்ட வேண்டும் என்பதற்கே நம் நாட்டில் 1946-லேயே சட்டம் இருந்தது. நிலையாணைகள் எனப்படும் அந்த விதிகளை ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும், அவர்கள் அதிகம் பேர் நுழையும் வாசலருகே, தனிப் பலகையில் வைக்க வேண்டும் என்றது. முதலாளி வரும் வாசலில் அல்ல, கவனியுங்கள். இன்று திருப்பூரிலும் ஓசூரிலும் பல ஆலைகளில் ஒடியாவும் இந்தியும் பேசுகிறவர்கள் வேலை செய்கிறார்கள். பலகைகள் பல இடங்களில் இன்னும் தமிழிலும் ஆங்கிலத்திலுமே தொங்குகின்றன.

● ஜவுளிக்கடை ஊழியருக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டம் திருத்தியது. கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. நாற்காலி போட்டாயிற்று, சூப்பர்வைசர் முறைக்காமல் இருக்கிறாரா என்பதை அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

● 2022-ல் கையெழுத்தான 'திண்டுக்கல் ஒப்பந்தம்' உலக அளவில் பேசப்படுகிறது. ஆயத்த ஆடை ஆலையில் பெண்கள் மீதான வன்முறையையும் அத்துமீறலையும் தடுக்க, பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும், ஆலை நிர்வாகமும், ஆடை வாங்கும் வெளிநாட்டு பிராண்டும் சேர்ந்து போட்டது. அதில் என்னைக் கவர்ந்தது ஒரு சின்ன அம்சம்: 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்று தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள். புகார் சொல்ல ஹெச்.ஆர். அறைக் கதவைத் தட்ட வேண்டாம், பக்கத்துத் தையல் மிஷினில் இருக்கும் அக்காவிடம் சொன்னால் போதும். முதல் ஆண்டில் 185 புகார்கள் வந்தன, 182 தீர்ந்தன. புகாரே வராத ஆலையைவிட இந்த ஆலையைத்தான் நம்பலாம் என்பேன்.

● பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013-ல் வந்தது. அதற்கு முன் 16 ஆண்டுகள், ராஜஸ்தானின் பன்வாரி தேவிக்கு நேர்ந்த கொடுமையையொட்டி 1997-ல் உச்ச நீதிமன்றம் தந்த விசாகா தீர்ப்புதான் சட்டமாக நின்றது. 10 பேர் வேலை பார்க்கும் எந்த இடத்திலும் உள்ளகக் குழு கட்டாயம். ஒரு மூத்த பெண் ஊழியர் தலைமை வகிக்க வேண்டும், பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியாள் ஒருவரும் வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். குழு அமைக்காத நிறுவனத்துக்கு அபராதம் 50,000 ரூபாய் வரை. 10 பேருக்குக் குறைவான இடமென்றால் மாவட்டத்தில் உள்ளூர்க் குழு இருக்கிறது. வீட்டு வேலை செய்யும் அக்காவும் அங்கே போகலாம்.

குழு அமைத்த உத்தரவை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. நாளைக்கு வேலைக்குப் போனதும் உங்கள் ஆபீஸில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் எங்கே என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.